அஞ்சு ஓமுக்குக் கீழே, ஓகே

எர்த் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ரூம்மேட் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். "போன தடவை பரோட்டா பத்தி எழுதினே, அது நல்லா இருந்துச்சுடா. எர்த்தை எவன் படிப்பான்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. நியாயமான கேள்விதான். டிரிபிள் ஈ படிக்கிற எங்களுக்கே எர்த்திங் என்பது பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி பார்த்துவிட்டுப் போகிற எட்டு மார்க் கேள்வி. குழியின் படம் போட்டு, கரி உப்பு என்று அம்புக்குறி காட்டினால் ஆறு மார்க் நிச்சயம்.

ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு பேப்பரில் நான் "ஓகே" என்று எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து அந்த ஓகேயால் ஒருத்தன் செத்திருப்பான். அதைச் சொல்லாமல் அடுத்த பதிவுக்குப் போக மனசு வரவில்லை.

போன மே மாதம் இன்-பிளான்ட் டிரெயினிங்குக்காக கோயம்புத்தூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனிக்குப் போயிருந்தேன். பம்ப் பாகங்கள் கடைந்து கொடுக்கிற மெஷின் ஷாப். பேர் வேண்டாம். முதலாளி அப்பாவுக்குத் தெரிந்தவர். பழைய ஷெட்டில் லேத், டிரில்லிங், கிரைண்டர் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே புது ஷெட்டுக்கு அஸ்திவாரக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். சொந்த டிரான்ஸ்ஃபார்மர், 250 கேவிஏ, 11,000 வோல்ட்டை 433 ஆக்கிக் கொடுப்பது.

எனக்குக் கொடுத்த வேலை எல்லா எர்த் குழியையும் அளந்து எழுதுவது. அங்கே எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர், அம்பது வயசு இருக்கும். எர்த் மெகரைத் தூக்கிக்கொண்டு அவரும் நானும் வெயிலில் அலைந்தோம். இந்த அளவு எப்படி எடுப்பது என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். குழியின் ஒயரை மெஷினிலிருந்து கழற்ற வேண்டும், தள்ளி ஒரு கம்பியை அடிக்க வேண்டும், அந்தத் தூரத்தில் சுமார் 62 சதவீதத்தில் இன்னொரு கம்பி அடிக்க வேண்டும், மீட்டர் ஓமைக் காட்டும். அவ்வளவுதான்.

டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல் குழிகள் ரெண்டும் சேர்ந்து 1 ஓம். பழைய கிணற்றுப் பக்கம், எப்போதும் ஈரம். அடுத்து வி.எம்.சி. குழி. வி.எம்.சி. என்பது கம்ப்யூட்டர் வைத்த பெரிய மில்லிங் மெஷின். அந்த ஷெட்டிலேயே விலை உயர்ந்தது. அதை நிறுவ வந்தவர்கள் "இதுக்குத் தனி எர்த் வேணும், வேற எதோடயும் சேர்க்கக் கூடாது, இல்லேன்னா எலக்ட்ரானிக்ஸ் கார்டு போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அண்ணன் மெஷினுக்குப் பின்னால் தன் கையாலேயே குழி வெட்டி, 3 மீட்டர் ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வளர்த்திருந்தார். ஆமாம், வளர்த்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அளந்தோம். 4 ஓம்.

"எப்படிங்க தம்பி நம்ம குழி?" என்றார். காலேஜில் சொல்லிக்கொடுத்தது மனசில் இருந்தது: 5 ஓமுக்குக் கீழே இருந்தால் நல்ல எர்த். "சூப்பருங்ணா" என்றேன். பட்டியலில் எழுதினேன்: வி.எம்.சி., 4 ஓம், 5 ஓமுக்குக் கீழே, ஓகே. கீழே கையெழுத்தும் போட்டேன். முதல் தடவையாக ஒரு கம்பெனிப் பேப்பரில் என் கையெழுத்து. போட்டோ எடுத்து வீட்டுக்கும் அனுப்பினேன். :-)

பத்து நாள் கழித்து ஒரு காலை. ஒடிசாவிலிருந்து வந்த ஹெல்பர் பையன் ஒருத்தன், என் வயசுதான். வி.எம்.சி.க்கும் பக்கத்து கிரைண்டருக்கும் நடுவில் மூணு அடி சந்து. அதில் நின்று வேஸ்ட் துணியால் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். வலது கை வி.எம்.சி. மேல், இடது முழங்கை கிரைண்டர் ஸ்டாண்டில் பட்டிருக்கிறது. ஒரு சத்தம், கத்தல் என்று கூடச் சொல்ல முடியாது. உதறிப் பின்னால் விழுந்தான். தூக்கி எறிந்தது அவன் அதிர்ஷ்டம். பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதக் கை வரவில்லை. கையிலும் முழங்கையிலும் தீக்காயம். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி இதயத்தைக் கண்காணித்துவிட்டு அனுப்பினார்கள்.

அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அண்ணன் மல்டிமீட்டரை எடுத்து ஒரு முனையை வி.எம்.சி. பாடியிலும் இன்னொன்றை கிரைண்டர் பாடியிலும் வைத்தார். 220-க்கு மேல் காட்டியது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ரெண்டு மெஷினுக்கும் எர்த் இருக்கிறது. ரெண்டும் "ஓகே". அப்படியும் நடுவில் முழு கரண்ட்!

மெயினை ஆஃப் செய்துவிட்டுத் தேடினோம். மெஷினுக்குள் நுழைகிற கேபிள், கிளாண்ட் போடாத ஓட்டையின் தகர விளிம்பில் உரசி உரசி ஒரு ஃபேஸின் தோல் போய் பாடியில் தொட்டுக்கொண்டிருந்தது. பேனலில் அதற்கான 63 ஆம்ப் ஃப்யூஸ் கல்லு மாதிரி அப்படியே இருந்தது. பின்னால் போய் எர்த் குழி மூடியைத் திறந்தால், உள்ளேயிருந்து சூடாக ஆவி வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் முதலாளி என் பட்டியலை மேஜை மேல் வைத்தார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. "ஏந்தம்பி, எர்த் நல்லா இருக்குதுன்னு நீங்கதானுங்க எழுதிக் குடுத்தீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. ராத்திரி முழுக்க தூக்கமும் இல்லை. விடியற்காலை ஒரு டெலிவரி சலானின் பின்பக்கம் கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. மீட்டர் பொய் சொல்லவில்லை. 4 ஓம் என்பது சரியான அளவுதான். நான் கேட்ட கேள்விதான் தப்பு.

நம்மில் நிறைய பேர் நினைத்துக்கொண்டிருப்பது, பூமி ஒரு பெரிய குப்பைத்தொட்டி, வேண்டாத கரண்டை அதில் கொட்டிவிட்டால் காணாமல் போய்விடும் என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மண்ணுக்குள் போகிற கரண்ட் மண்ணில் தங்குவதில்லை. மேய்ச்சலுக்குப் போன மாடு எந்த வழியாகப் போனாலும் சாயங்காலம் தன் கொட்டகைக்கே திரும்புகிற மாதிரி, அது புறப்பட்ட டிரான்ஸ்ஃபார்மருக்கே திரும்பியாக வேண்டும். எர்த்திங் முறையைத் தேர்ந்தெடுப்பது என்றால் அந்தத் திரும்பும் வழியைத் தேர்ந்தெடுப்பது. குழியின் அழகைத் தேர்ந்தெடுப்பது அல்ல.

அந்த வி.எம்.சி.க்குத் திரும்பும் வழி எது? பாடியிலிருந்து அண்ணனின் குழிக்கு, 4 ஓம். மண் வழியாக டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல் குழிக்கு, 1 ஓம். மொத்தம் 5. 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஆம்ப். 63 ஆம்ப் ஃப்யூஸுக்கு 46 ஆம்ப் என்பது சாதாரண லோடு. அது எரியாது. நாள் பூராவும் எரியாது. 46 ஆம்ப் 4 ஓமில் ஓடினால் எட்டரை கிலோவாட் வெப்பம். எட்டு ஹீட்டரைக் குழிக்குள் போட்டது மாதிரி. ஆவி வராமல் என்ன செய்யும்? மண் காயக் காய ஓம் இன்னும் ஏறும், கரண்ட் இன்னும் குறையும், ஃப்யூஸ் இன்னும் நிம்மதியாகத் தூங்கும்.

மெஷின் பாடி தரையைவிட 184 வோல்ட் மேலே நின்றது. கிரைண்டரின் பாடியோ பேனல் எர்த் வழியாக நேரே நியூட்ரலோடு சேர்ந்தது. அதனால் ரெண்டு மெஷினுக்கும் நடுவே முழு 230. அந்தச் சந்தில் ரெண்டையும் தொடுகிறவன்தான் குறுக்குவழி. எலக்ட்ரானிக்ஸ் கார்டைக் காப்பாற்ற வைத்த "தனி எர்த்" அந்தப் பையனை ஒரு ஒயராக்கிவிட்டது.

சரி, குழியை இன்னும் நல்லதாகப் போட்டிருந்தால்? 63 ஆம்ப் ஃப்யூஸ் அஞ்சு விநாடிக்குள் போக வேண்டுமானால் சுமார் 300 ஆம்ப் ஓட வேண்டும். அப்போது பாடி 50 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்றால் குழி 0.17 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு மெஷினுக்கு ஒரு பைப்பை வைத்து அது நடக்கிற காரியமா? நல்ல கரிசலில் 3 மீட்டர் பைப்புக்கே மூணு நாலு ஓம். கொஞ்சம் வறண்ட மண்ணில், மண்ணின் தடை 100 ஓம்-மீட்டர் என்றால், அதே பைப் கிட்டத்தட்ட 30 ஓம். பைப்பைத் தடிமனாக்கினாலும் பெரிதாகக் குறையாது. நீளத்தை இரட்டிப்பாக்கினால்தான் பாதியை நெருங்கும்.

இப்போது முறைகளைப் பார்ப்போம். பயப்பட வேண்டாம், அஞ்சு எழுத்துதான். டி என்றால் பிரெஞ்சில் மண். என் என்றால் நியூட்ரல். ஐ என்றால் மண்ணோடு சேராமல் தனித்திருப்பது. முதல் எழுத்து டிரான்ஸ்ஃபார்மரைச் சொல்லும், ரெண்டாவது மெஷின் பாடியைச் சொல்லும். கடைசியில் எஸ் வந்தால் எர்த் ஒயர் தனி, சி வந்தால் எர்த்தும் நியூட்ரலும் ஒரே ஒயர்.

டி.டி. என்பது நியூட்ரல் தன் மண்ணில், மெஷின் தன் மண்ணில், நடுவில் உலோக இணைப்பு கிடையாது. தெரு லைனிலிருந்து கரண்ட் வாங்குகிற நம் வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். இது தப்பான முறை இல்லை. ஆனால் ஃப்யூஸையும் எம்.சி.பி.யையும் நம்பி இதை வைக்கக் கூடாது. போன கரண்டும் வந்த கரண்டும் சமமா என்று பார்க்கிற ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். 300 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இருந்தால் குழி 100 ஓம் இருந்தாலும் பாடி 50 வோல்ட்டைத் தாண்டுவதற்குள் கட் ஆகிவிடும். கையில் பிடிக்கிற டிரில், கிரைண்டர், பிளக் பாயிண்ட் எல்லாவற்றுக்கும் 30 மில்லி ஆம்ப். எங்கள் வி.எம்.சி.க்கு நாங்கள் அறியாமலே டி.டி. போட்டிருந்தோம், ஆர்.சி.சி.பி. இல்லாமல்.

டி.என்.சி. ஒயர் மிச்சம். "நியூட்ரலும் எர்த்தும் ஒண்ணுதானே" என்று மெஷினிலேயே ரெண்டையும் முடிச்சுப் போடுகிற பழக்கம் சின்னப் பட்டறைகளில் உண்டு. அந்த ஒரு ஒயர் எங்காவது அறுந்தால் மெஷின் பாடி முழுக்க கரண்ட் நிற்கும். நியூட்ரலும் எர்த்தும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஒரே ஒரு இடத்தில் சேரலாம். அதற்குப் பிறகு சேரவே கூடாது.

ஐ.டி. என்றதும் பெங்களூர் ஞாபகம் வர வேண்டாம். நியூட்ரலை மண்ணில் நேராகச் சேர்க்காமல் விடுவது. முதல் பழுதில் மெஷின் நிற்காது. சுரங்கம், ஆபரேஷன் தியேட்டர் மாதிரி கரண்ட் போகவே கூடாத இடங்களுக்கு. பழுதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு கருவியும், சொன்னவுடன் தேடிச் சரிசெய்ய ஆளும் வேண்டும். எங்கள் ஷெட்டுக்குப் பொருந்தாது.

டி.என்.எஸ். நியூட்ரலிலிருந்தே கிளம்புகிற தனி எர்த் ஒயர் எல்லா மெஷின் பாடிக்கும் போவது. திரும்பும் வழி மண் அல்ல, உலோகம். ஃபேஸ் பாடியில் தொட்டால் 46 ஆம்ப் அல்ல, பல நூறு ஆம்ப் ஓடும், ஃப்யூஸ் போகும். சொந்த டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற ஒரு ஷெட்டுக்கு இதுதான் பொருத்தம்.

மறுநாள் சலானை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். புது ஷெட்டில் ஆறு மெஷின். ஆறுக்கும் ஆறு தனிக் குழி என்பதுதான் அவர் திட்டம். அஸ்திவாரத்துக்கு மூணு நாளில் கான்கிரீட். கணக்கைப் பார்த்தார். "46-ல 63 ஃப்யூஸ் போகாதுங்களா?" "போகாதுங்க சார்." "அப்ப இத்தனை நாளா அந்தக் குழி எதுக்குங்க?" என்றார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. பாறை மாதிரி இறுகிக் கிடந்த கரிசலைக் கடப்பாரையால் உடைத்துத் தோண்டியவர் அவர்.

"ரூல்ல ரெண்டு தனித்தனி எர்த்னு இருக்குதுங்களே" என்றார் அண்ணன் மெதுவாக. உண்மைதான். 1956-ம் வருட இந்திய மின்சார விதிகளில் 61-வது விதி, மோட்டார் பாடிக்கு மண்ணோடு ரெண்டு தனித்தனி இணைப்பு வேண்டும் என்றது. அதற்குப் பதிலாக 2010-லும் 2023-லும் புது ஒழுங்குமுறைகள் வந்தன. அந்த ரெண்டு இணைப்பு மட்டும் போகவில்லை. ஆனால் அதன் அர்த்தம், ஒன்று அறுந்தால் இன்னொன்று காப்பாற்றட்டும் என்பது. மற்ற மெஷின்களிடமிருந்து பிரித்து வை என்பதல்ல. "தனித்தனி" என்ற ஒரு வார்த்தைக்கு எத்தனை பேர் தப்பாக அர்த்தம் பண்ணிக்கொண்டிருக்கிறோமோ!

"அண்ணா, உங்க குழியை மூட வேண்டாம். அதையும் பேனல் எர்த்தோட பட்டை போட்டுச் சேர்த்துருவோம். அது இன்னும் வேலை செய்யும்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "அப்படீங்களா? அப்ப நானே சேர்த்துடறனுங்க" என்றார். மின்னல், தெரு லைனிலிருந்து வருகிற கோளாறு, நியூட்ரலை மண்ணின் அளவிலேயே நிறுத்தி வைப்பது என்று குழிக்கும் வேலை உண்டு. ஆர்.சி.சி.பி. துணை இல்லாமல் தனியாக ஃப்யூஸை எரிக்கிற வேலையைத்தான் அதனிடம் கொடுக்கக் கூடாது.

புது ஷெட் பக்கம் இன்னொரு சிக்கல். காம்பவுண்டின் அந்த ஓரத்தில் ரெண்டு அடிக்குக் கீழே பாறை. பைப் இறங்காது. இதற்கு ஒரு பழைய தீர்வு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹெர்பர்ட் உஃபர் என்ற பொறியாளர், அரிசோனாவின் வறண்ட மண்ணில் அமெரிக்க ராணுவத்தின் வெடிமருந்துக் கிடங்குகளுக்கு எர்த் போட வேண்டியிருந்தது. அஸ்திவாரக் கான்கிரீட்டில் இருக்கிற கம்பியையே எர்த்தாகப் பயன்படுத்தினார். மண்ணில் புதைந்த கான்கிரீட் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் கரண்ட்டைக் கடத்தும். அளந்து பார்த்தபோது பல வருடம் கழித்தும் அந்த எர்த் நன்றாகவே இருந்தது. குழி வெட்டாமல் எர்த்! ஆனால் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் யோசித்திருக்க வேண்டும். போட்ட பிறகு யோசித்தால் கதை முடிந்தது.

எங்களுக்கு மூணு நாள் இருந்தது. முதலாளி மேஸ்திரியைக் கூப்பிட்டார். ஒவ்வொரு பில்லர் ஃபுட்டிங்கிலும் கம்பிகளை வெல்ட் வைத்துச் சேர்த்து, ஒரு ஜி.ஐ. பட்டையை மேலே எடுத்து விட்டோம். கம்பி கட்டுகிறவர்கள் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். :-) ஷெட் உள்ளே சுவரோடு சுற்றி ஒரு பட்டை வளையம், டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல் எர்த்திலிருந்து அதற்கு ரெண்டு பட்டை, வளையத்திலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ரெண்டு இணைப்பு, ஃபுட்டிங் பட்டைகள் எல்லாம் அதோடு சேர்ந்தது. இதுதான் திட்டம். மெஷின்காரர்கள் மறுபடி "தனி எர்த்" கேட்டால் மெஷினிலிருந்து வளையத்துக்கு ஒரு தனி ஒயர் கொடுக்கலாம். தனி மண் கொடுக்கக் கூடாது.

பழைய ஷெட்டில் வி.எம்.சி.யை அன்றைக்கே பேனல் எர்த்தோடு சேர்த்தோம். கேபிளை மாற்றி, கிளாண்டும் போட்டோம். லூப் டெஸ்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து அளந்தேன். ஃபேஸிலிருந்து பாடி வழியாகத் திரும்பி வரும் மொத்தப் பாதை 0.3 ஓம். 230-ஐ வகுத்தால் 766 ஆம்ப். 63 ஆம்ப் ஃப்யூஸ் அரை விநாடி கூடத் தாங்காது.

இந்தத் தடவை பட்டியலில் "ஓகே" எழுதவில்லை. மூணு காலம் போட்டேன்: லூப் எத்தனை ஓம், பழுது வந்தால் எத்தனை ஆம்ப், எந்த ஃப்யூஸ் எத்தனை நேரத்தில் போகும். கையெழுத்துப் போடும்போது கை கொஞ்சம் நடுங்கியது. போட்டோ எடுக்கவில்லை.

அந்தப் பையன் ரெண்டு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினான். அவனிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். எனக்கு இந்தி அரைகுறை, அவனுக்குத் தமிழ் அரைகுறை. நான் என்ன சொல்ல வந்தேன் என்று அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. "பரவால்லே அண்ணா" என்று சிரித்தான். பிறகு வி.எம்.சி. பக்கம் போனான். துடைப்பதற்கு முன்னால் புறங்கையால் ஒரு தடவை பாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நான் அங்கே இருந்த கடைசி நாள் வரைக்கும் தினமும் அதைச் செய்தான்.

பி.கு: உங்கள் வீட்டு மெயின் போர்டில் "டெஸ்ட்" என்று ஒரு சின்ன பட்டன் இருக்கிற சுவிட்ச் இருக்கிறதா என்று இன்றைக்குப் பாருங்கள். இருந்தால் அழுத்துங்கள், கட் ஆக வேண்டும். ஆகவில்லை என்றாலோ, அப்படி ஒன்றே இல்லை என்றாலோ, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.